'வாரணம் ஆயிரம்' கனவைக் கண்ட பெண்: ஆண்டாளின் இன்னொரு பக்கம் தெரியுமா?

மார்கழி பிறந்தாலே விடியற்காலையில கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை கேட்க ஆரம்பிச்சிடும். 30 நாள், 30 பாசுரம். ஆண்டாள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் ஆண்டாள் பாடியதாக இருப்பது மொத்தம் 173 பாசுரங்கள். மீதி 143?

அதுதான் நாச்சியார் திருமொழி. இன்னைக்கு பாஷையில சொல்லணும்னா, திருப்பாவை ஒரு பேண்ட் சேர்ந்து பாடுவது மாதிரி. தோழிகளை வீடு வீடாகப் போய் எழுப்பி, 'நாம்' என்றே பேசும் பாட்டு. நாச்சியார் திருமொழி அதே பாடகியோட சோலோ ஆல்பம். கனவு, மயக்கம், கோபம், ஏக்கம் எல்லாம் அதில்தான் இருக்கு. (அதிலும் மணல் வீட்டைச் சிதைக்காதே, துணிகளைத் திருப்பிக் கொடு என்று கண்ணனிடம் கெஞ்சும் இரண்டு பதிகங்களில் தோழிகள் கூடவே இருக்காங்க. அதுக்கப்புறம் பெரும்பாலும் ஒற்றைக் குரல்தான்.)

யார் இந்தக் கோதை?

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி பெருமாளுக்குப் பூமாலை கட்டிக் கொடுப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர் விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார். ஓர் ஆடி மாதம், பூர நட்சத்திரத்தன்று, அவருடைய நந்தவனத்துத் துளசிச் செடியடியில் ஒரு பெண் குழந்தை கிடைத்தது என்கிறது வைணவ மரபு. கோதை என்று பெயர் வைத்தார். கோதை என்றால் மாலை.

பெருமாளுக்கு வைத்திருந்த மாலையை அந்தப் பெண் தினமும் தான் போட்டு அழகு பார்த்துவிட்டுத் திருப்பி வைத்த கதை ஊருக்கே தெரியும். கிணற்றுத் தண்ணியில முகம் பார்த்த இடம் என்று கோயிலில் இன்னைக்கும் கண்ணாடிக் கிணற்றைக் காட்டுறாங்க. ஒரு நாள் அப்பா பார்த்துவிட்டார். பதறிப்போய் வேறு மாலை கட்டிக்கொண்டு போனார். கனவில் வந்த பெருமாள், அவள் சூடிய மாலைதான் வேண்டும் என்று கேட்டார். கல்யாண வயசு வந்ததும், மணந்தால் பெருமாளைத்தான் என்று மகள் நின்றாள். திருவரங்கத்துக்கு அழைத்து வரச் சொல்லி மறுபடியும் ஒரு கனவு. பல்லக்கில் போன கோதை, அரங்கனோடு கலந்துவிட்டாள்.

கவனிச்சீங்களா, அப்பா கண்ட இரண்டு கனவும் அப்படியே நடந்துவிட்டன. மகள் கண்ட கனவுதான் வேறு மாதிரி.

காலம் எது என்பதில் ஒரே கருத்து இல்லை. திருப்பாவையில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததாக வரும் ஒரு குறிப்பை வைத்து, கி.பி. 731 என்று கணக்கிட்டார் மு. இராகவையங்கார். ஒன்பதாம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு. ஆண்டாள் என்று ஒருவர் இருந்தாரா, பெரியாழ்வார் படைத்த பாத்திரமா என்று சந்தேகப்பட்டவர் ராஜாஜி. ஆனால் பதிகங்களின் கடைசிப் பாட்டுகளில் புதுவை நகர், விஷ்ணுசித்தன், கோதை என்ற பெயர்கள் முத்திரை குத்தின மாதிரி வருகின்றன. புதுவை என்றது ஸ்ரீவில்லிபுத்தூரைத்தான்.

கனவில் என்ன நடந்தது?

நாச்சியார் திருமொழியில் மொத்தம் 14 பதிகங்கள். முதல் பதிகத்தில் அவள் போய் நிற்பது காமதேவன் முன்னால். அவனிடம் நோன்பிருந்து, தன்னைக் கண்ணனோடு சேர்த்து வைக்கச் சொல்கிறாள். நான்காவதில் கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து, முனைகள் கூடுமா என்று குறி பார்க்கிறாள். ஐந்தாவதில் குயிலைக் கூப்பிடுகிறாள். பல நாளாகக் கண் மூடவில்லை என்று புலம்புவதும் இங்கேதான்.

தூக்கமே வராத அந்தப் பெண்ணுக்கு ஆறாவது பதிகத்தில் கனவு வருகிறது. அதுதான் 'வாரணம் ஆயிரம்'. 2008-ல் வந்த சூர்யா படத்துக்குப் பேர் கொடுத்தது இதுதான். யானைகள் சூழ மாப்பிள்ளை வருகிறார், ஊரெல்லாம் தோரணம், பந்தல். தேவர்கள் வந்து பெண் பேசுகிறார்கள், துர்க்கை கூறைப் புடவை உடுத்திவிடுகிறாள். காப்பு, மேளம், கைப்பிடித்தல், தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடல் என்று ஒவ்வொரு சடங்கும் வரிசையா வருது. தாலி மட்டும் எங்கேயும் இல்லை. பழந்தமிழர் திருமணத்தில் தாலி உண்டா என்று தமிழறிஞர்கள் மோதிக்கொண்டபோது இந்தப் பதிகமும் சாட்சிக்கு வந்தது.

வைணவர் வீட்டுக் கல்யாணங்களில் இதை இன்னைக்கும் பாடுறாங்க. அதனாலேயே இதுதான் ஆண்டாள் கதையோட சந்தோஷமான முடிவு என்று நினைச்சுக்கிறோம். இல்லை. இது ஆறாவது பதிகம். கனவு கலைந்த பிறகு இன்னும் எட்டு பதிகங்கள் பாக்கி இருக்கு.

அந்த எட்டும் எழுதியிருக்கிற விதம்தான் என்னை அசரடிக்குது. கண்ணன் வாயில் வைத்து ஊதும் சங்கிடம், அந்த வாயின் மணமும் சுவையும் எப்படி இருக்கும் என்று விசாரிக்கிறாள். வேங்கடத்துக்குப் போகும் மேகங்களைத் தூது விடுகிறாள். திருமாலிருஞ்சோலை முழுக்கச் சிவப்புப் பட்டுப்பூச்சிகள் சிந்தூரப் பொடி தூவின மாதிரி பரவிக் கிடக்கின்றன. பூக்களும் குயிலும் மயிலும் சேர்ந்துகொண்டு தன்னை வதைப்பதாக அவற்றோடு சண்டை போடுகிறாள். கடைசியில், அவன் இடுப்பில் கட்டிய மஞ்சள் துணியைக் கொண்டுவந்து என் மேல் வீசுங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்துவிடுகிறாள். உடம்பைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் பாட்டுகள் இவை. பெரியவாச்சான் பிள்ளை உரை எழுதியிருக்கிறார். ஆனால் வீட்டுப் பூஜையறைக்குள் வந்ததென்னவோ முப்பதும் இந்தப் பதினொன்றும்தான்.

ஒரு வேண்டுதலுக்கு மட்டும் பதில் கிடைத்தது. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் தருவதாக அழகர்மலைப் பெருமாளுக்கு நேர்ந்திருந்தாள் கோதை. பிற்காலத்தில் வந்த ராமானுஜர் அதை நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வர, ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்ததாகச் சொல்வார்கள். மார்கழி 27-ல் வரும் கூடாரவல்லி அன்று பெருமாள் கோயில்களில் நெய் வழியும் அக்கார அடிசில் கிடைப்பது இந்தக் கணக்கில்தான். (பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வந்தது 2019-ல். இந்த ஊர் இனிப்புக்கு வயசு அதைவிட அதிகம்!)

கதை தமிழோடு நிற்கவில்லை. 16-ம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் இதைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்று காவியமாக எழுதினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல வரும் ராஜபாளையத்தில், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இன்னைக்கும் ஏராளம்.

சரி, கடைசிப் பதிகத்தில் என்னதான் ஆகிறது? அவனைக் கண்டீர்களா என்று ஒரு குரல் கேட்கிறது. பிருந்தாவனத்தில் கண்டோம் என்று பதில் வருகிறது. அவ்வளவுதான். கல்யாணமோ, திருவரங்கமோ அதில் வருவதில்லை.

அந்தக் கல்யாணத்தை ஊரே நடத்தி வைக்கிறது. பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் திருக்கல்யாணம். கருவறையில் அவர்கள் பக்கத்திலேயே கருடனும் நிற்கிறார், மாப்பிள்ளையை அவசரமாகச் சுமந்து வந்தவர் என்பதால். ஆண்டாளின் இடது கையில் இலையும் பூவும் வைத்துச் செய்த ஒரு கிளி. அதை மட்டும் தினமும் புதுசா செய்றாங்க.