மூஸா இப்னு மைமூன்: நாடிழந்த சமூகத்தின் சட்ட ஆசான்

யூத சமயம் இரண்டாயிரம் ஆண்டுகளாக நாடின்றி நிலைத்தமைக்கான காரணங்களை ஆராய்வோர் மைமோனிடிஸைத் தவிர்த்துச் செல்ல முடியாது. அரபு உலகம் மூஸா இப்னு மைமூன் என அறிந்த இவர், 1130களில் முஸ்லிம் ஸ்பெயினின் குர்துபா நகரில் பிறந்தார். தத்துவமேதை இப்னு ருஷ்த் பிறந்ததும் அதே நகரில்தான்.

1148இல் முவஹ்ஹிதூன் ஆட்சியினர் குர்துபாவைக் கைப்பற்றியதும், மதம் மாறுவது அல்லது வெளியேறுவது என்ற நிலைக்கு யூதரும் கிறிஸ்தவரும் தள்ளப்பட்டனர். இக்கடும்போக்கு முஸ்லிம் அறிஞர்களையும் விட்டுவைக்கவில்லை. 1195இல் இப்னு ருஷ்தும் அதே ஆட்சியினால் வெளியேற்றப்பட்டு, அவரது தத்துவ நூல்கள் எரியூட்டப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

மைமூனின் குடும்பம் பல ஆண்டுகள் அலைந்து, மொரோக்கோவின் பெஸ் நகரில் தங்கி, 1165இல் பலஸ்தீனத்தின் அக்கா துறைமுகத்தை அடைந்து, ஈற்றில் எகிப்தின் புஸ்தாத்தில் குடியேறியது. அங்கே அவருக்கு வாழ்வளித்தது சலாஹுதீன் ஐயூபியின் அரசு. அவரது அமைச்சர் அல்காதி அல்பாழில் இவரை ஆதரித்தார். அரசவை மருத்துவராகவும் யூத சமூகத்தின் தலைவராகவும் இவர் உயர்ந்தார். ஒரு முஸ்லிம் ஆட்சி விரட்டிய மனிதரை இன்னொரு முஸ்லிம் ஆட்சி அரவணைத்தது என்பதை இன்று இரு தரப்பிலும் நினைவுகூர்வோர் குறைவு.

சிலுவைப் போர்வீரர் 1168இல் பில்பைஸ் நகரிலிருந்து சிறைப்பிடித்துச் சென்ற யூதர்களை மீட்கப் பணம் திரட்டினார். 1172இல், மதமாற்ற நெருக்குதலாலும் தன்னை மீட்பர் எனக் கூறிக்கொண்ட ஒருவராலும் கலங்கியிருந்த யெமன் யூதருக்கு அரபியில் நீண்ட மடல் வரைந்தார். ஏறத்தாழ பத்தாண்டுகள் உழைத்து, சிதறிக் கிடந்த யூதச் சட்டம் முழுவதையும் 14 பாகங்களில் ஹீப்ருவில் தொகுத்தார். அதுவே 'மிஷ்னே தோரா'. ஜெருசலம் ஆலயம் கி.பி. 70இலேயே அழிந்துவிட்டது, அரசனும் இல்லை. ஆயினும் ஆலயப் பலிகளின் விதிகளையும் அரசனின் கடமைகளையும் அவர் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். இழந்தவற்றுக்கும் சட்டம் வகுத்த இப்பிடிவாதம் அச்சமூகத்தின் வரலாற்றையே விளக்குகின்றது எனலாம். பின்னர் அரபியில் எழுதிய 'தலாலத்துல் ஹாயிரீன்' என்ற தத்துவ நூல் லத்தீனுக்கும் சென்றது. அதனை ஏற்காத பிரான்சிய யூத குருமார் சிலர் 1230களில் தடைவிதித்தமையும் நிகழ்ந்தது.

குடும்பத்தைத் தாங்கியவர், மாணிக்க வணிகரான தம்பி தாவூத். அவர் இந்து சமுத்திரத்தில் கப்பலோடு மூழ்கியபோது பிறர் முதலும் உடன் சென்றது. மனைவியும் மகளும் அண்ணனின் பொறுப்பாயினர். ஏறக்குறைய ஓராண்டு படுக்கையில் கிடந்த மூஸா, அதன் பின்னரே மருத்துவத்தைப் பிழைப்பாகக் கொண்டார். நாள்தோறும் கெய்ரோ அரண்மனைக்குச் சென்று திரும்பினால், யூதரும் முஸ்லிம்களுமாக நோயாளர் கூட்டம் வீட்டில் காத்திருக்கும். 1204இல் காலமானார்; திபேரியாவில் அடக்கப்பட்டார் என்பது மரபு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய கெய்ரோவின் யூத ஆலயக் களஞ்சியத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஏடுகளில் அவரது கையெழுத்துப் படிகளும் இருந்தன. அவற்றோடு தாவூதின் மடலொன்றும் கிடைத்தது. பாலைவனத்தைக் கடந்து ஐதாப் துறைமுகத்தை அடைந்ததாகவும், அங்கு வாங்கத்தக்க சரக்கு எதுவும் இல்லாமையால் இந்தியாவுக்குக் கப்பலேறத் தீர்மானித்ததாகவும் அதில் அண்ணனுக்கு அறிவித்திருந்தார்.