தலைமை நாற்காலியில் அமர்ந்த அன்னை

திருப்பனந்தாளைச் சுற்றியுள்ள எந்தக் காலனித் தெருவுக்குப் போனாலும், ஊரே 'அப்பாயி' என்றோ 'ஆயா' என்றோ கூப்பிடும் ஒரு பெரிய மனுஷி இருப்பார். நடவுக்கு ஆள் சேர்த்தவர், பிரசவம் பார்த்தவர், வீட்டுச் சண்டையை விலக்கி வைத்தவர் என்று எல்லாம் அவர்தான். அவர் காலமான பிறகு அவருடைய பாசத்தைப் பேசுகிறோம், கைப்பக்குவத்தைப் பேசுகிறோம். தெருவுக்காக அவர் எடுத்த முடிவுகளைப் பேசுவதில்லை.

நாடறிந்த ஒரு தலைவருக்கும் இதுதான் நேர்ந்திருக்கிறது. அவர் அன்னை மீனாம்பாள் சிவராஜ்.

அவரைப் பற்றி நம் மேடைகளில் வழக்கமாக இரண்டு செய்திகள் சொல்லப்படும். ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் வழங்கிய மாநாட்டில் முன்நின்றவர் என்பது ஒன்று. அண்ணல் அம்பேத்கர் தங்கையாகக் கருதியவர், சென்னைக்கு வந்தால் அண்ணலுக்குத் தம் கையால் சமைத்துப் பரிமாறியவர் என்பது மற்றொன்று. இரண்டும் நமக்குப் பெருமைதான். ஆனால் இரண்டிலும் நடுவில் நிற்பவர் வேறொருவர். 87 வயது கடந்து வாழ்ந்த ஒரு தலைவரின் பொதுவாழ்வு இவ்வளவில் முடிந்துவிடுமா?

மீனாம்பாள் 1904 டிசம்பர் 26 அன்று பர்மாவின் ரங்கூனில் பிறந்தார். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போவது நம் பகுதிக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குத்தான் போனார்கள். மீனாம்பாள் குடும்பத்தின் நிலை வேறு. அவருடைய தாய்வழித் தாத்தா பெ.மா.மதுரைப் பிள்ளை, ரங்கூனில் கப்பல் தொழில் நடத்திய பெரும் வணிகர், கல்விக்கும் தமிழுக்கும் வாரி வழங்கியவர். தந்தை வாசுதேவப் பிள்ளை சென்னை மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். பேத்திக்கு ரங்கூனிலேயே நல்ல படிப்பு கிடைத்தது. தமிழோடு ஆங்கிலமும் சரளமாகப் பேசினார்.

சேற்றில் இறங்கி நாற்று நடாத வீட்டுப் பெண்ணை நம் தெரு ஏன் அன்னை என்று அழைக்க வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். கப்பல் வைத்திருந்த குடும்பத்தையும் சாதி விட்டுவிடவில்லை என்பது பதிலின் ஒரு பாதி. வசதியைக் காட்டி அந்தச் சாதியை மறைத்துக்கொண்டு அவர் ஒதுங்கிப் போகவில்லை என்பது மறுபாதி.

1918இல் வழக்கறிஞர் ந.சிவராஜைத் திருமணம் செய்துகொண்டார். சட்டக் கல்லூரிப் பேராசிரியர், சட்டமன்ற மேலவை உறுப்பினர், சென்னை மேயர் என்று உயர்ந்த சிவராஜ், 1942இல் நாக்பூரில் உருவான அகில இந்தியப் பட்டியல் சாதிகள் சம்மேளனத்தின் தலைவரானார். அப்படிப்பட்டவரின் மனைவி வீட்டோடு இருந்திருந்தாலும் ஊர் மதித்திருக்கும். மீனாம்பாள் தமக்கென்று தனிப் பாதை போட்டுக்கொண்டார். அவருடைய முதல் பொதுக்கூட்டப் பேச்சு 1928இல். சைமன் கமிஷனைக் காங்கிரஸ் புறக்கணித்த நேரம் அது. ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் குறையைத் தாங்களே எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற அணியில் நின்று, கமிஷனை ஆதரித்துப் பேசினார். நாடெங்கும் எதிர்ப்பு வீசிய காலத்தில், 23 வயதுப் பெண் மேடையேறி அப்படிப் பேசியது சாதாரணமல்ல.

1938 நவம்பர் 13 அன்று சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. இந்தி எதிர்ப்புப் போர் உச்சத்தில் இருந்தது. மறைமலை அடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை வகித்தார். மீனாம்பாள் தமிழ்க்கொடியை உயர்த்தினார். பெரியார் பட்டம் அங்கே தீர்மானமாக நிறைவேறியது. அந்த மாநாட்டுக்காக உழைத்தவர்களில் இருவர் நம் காவிரிப் படுகைக்காரர்கள். ஒருவர் தஞ்சை கருந்தட்டாங்குடியில் பிறந்த டாக்டர் தருமாம்பாள். மற்றவர் மயிலாடுதுறை அருகே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அரசின் திருமண உதவித் திட்டங்கள் வழியாக இந்த இரு பெயர்களும் நம் கிராமங்களில் பழகியவை. அவர்களோடு தோளோடு தோள் நின்ற மூன்றாவது பெயரையும் சேர்த்தே சொல்லப் பழகுவோம்.

மீனாம்பாள் சம்மேளனத்திலும் பின்வரிசையில் இருக்கவில்லை. 1944 செப்டம்பரில் அம்பேத்கர் சென்னைக்கு வந்தபோது நடந்த சம்மேளனத்தின் மகளிர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அடுத்த ஆண்டு மே மாதம் பம்பாயில் நடந்த அகில இந்திய மகளிர் மாநாட்டுக்கும் அவரே தலைவர். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு தலித் பெண், பல மொழி பேசும் தலித் பெண்களின் மாநாட்டை நடத்தினார்.

சென்னை மாநகராட்சி உறுப்பினர், கௌரவ நீதிபதி, பல்கலைக்கழக செனட் உறுப்பினர் என்று அவர் வகித்த பொறுப்புகள் பல. அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் வரும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் செனட்டிலும் அவர் இடம்பெற்றிருந்தார். நம் பாட்டிகள் பண்ணையில் கூலி நெல்லுக்குக் காத்திருந்த காலம் அது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே 1952இல்தான் வந்தது. அந்தக் காலத்தில் தலித் பெண் ஒருவர் நீதிபதி இருக்கையில் அமர்ந்ததையும், பல்கலைக்கழக அவையில் பேசியதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வயலில் போராடியவர்கள் கூலியைக் கேட்டார்கள். அவர் அவையில் இடத்தைக் கேட்டார். நமக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

1964இல் சிவராஜ் காலமானார். அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார் மீனாம்பாள். அண்ணலின் நூற்றாண்டையும் கண்டுவிட்டு, 1992 நவம்பர் 30 அன்று மறைந்தார். அடுத்தடுத்த தலைமுறைத் தொண்டர்களுக்கு அவர் அன்னையாகவே இருந்தார்.

அன்னை என்ற சொல்லில் தவறில்லை. அந்தச் சொல் அவரைச் சமையல்கட்டோடு நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் நாம் கேட்பது. பரிமாறிய கைதான் மாநாட்டுக் கொடியை உயர்த்தியது, நீதிபதியாகத் தீர்ப்பும் எழுதியது.

இந்தப் பக்கத்துப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நவம்பர் 30 அன்று அன்னை மீனாம்பாளின் படத்துக்கு மாலை போடுங்கள். அதோடு உங்கள் தெருவின் மூத்த அப்பாயியிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருஷம் கூலி உயர்வு கேட்டார்கள், முன்னால் நின்று பேசியது யார், பிள்ளைகளை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பியது யார் என்று கேட்டு, பெயரோடும் வருஷத்தோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.