ஃபிரிட்ஸ் ஷ்லும்ப்

ஃபிரிட்ஸ் ஷ்லும்ப் (1906 - 1992) பிரான்சின் முலூஸ் நகரில் வாழ்ந்த நூற்பாலை அதிபரும் தானுந்து சேகரிப்பாளரும் ஆவார். உலகின் மிகப்பெரிய புகாட்டி தானுந்துத் தொகுப்பை உருவாக்கியவர் இவரே.

வாழ்க்கை

இவர் இத்தாலியில் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்து நாட்டவர். தாய் முலூஸ் நகரைச் சேர்ந்தவர். இவரும் அண்ணன் ஹான்சும் கம்பளி வணிகத்தில் தொடங்கி, அல்சாஸ் பகுதியில் பல ஆலைகளுக்கு உரிமையாளர்கள் ஆயினர்.

சேகரிப்பு

1960களில் இவர் பழைய தானுந்துகளைப் பெருமளவில் வாங்கினார். 1964 இல் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ஷேக்ஸ்பியர் என்பவரிடமிருந்து 30 புகாட்டிகளை ஒரே தொகுதியாக வாங்கினார். ஆறு மட்டுமே எஞ்சியுள்ள ரோயால் வகையில் இரண்டு இவரிடம் இருந்தன. முலூசில் இருந்த பழைய நூற்பாலை ஒன்றில் இவை பழுதுபார்க்கப்பட்டு வைக்கப்பட்டன. பாரிசின் மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்து விளக்குகளைப் போன்ற விளக்குத்தூண்கள் அங்கு நிறுவப்பட்டன. சேகரிப்பைத் தம் தாயின் நினைவுக்கு உரித்தாக்கினார். எனினும் வெளியார் அதைக் காண்பது அரிதாகவே இருந்தது.

தொழிலாளர் போராட்டம்

1970களில் துணித்தொழில் நலிவுற்றது. 1976 இல் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் ஏற்பட, சகோதரர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குச் சென்றுவிட்டனர். 1977 மார்ச்சில் ஆலைக்குள் நுழைந்த தொழிலாளர்கள், 400க்கும் மேற்பட்ட தானுந்துகளைக் கண்டனர். தம் உழைப்பின் பயன் எங்கே போயிற்று என்பதை மக்கள் அறியுமாறு, ஆலையைக் கைப்பற்றிப் பார்வைக்குத் திறந்துவிட்டனர். ஈராண்டுகள் அது அவர்கள் வசம் இருந்தது.

பின்னர்

தொகுப்பு சிதறாமல் இருக்க, 1978 இல் பிரான்சு அரசு அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1982 இல் அதே ஆலையில் தேசிய தானுந்து அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஹான்ஸ் 1989 இலும், ஃபிரிட்ஸ் 1992 இல் பாசலிலும் இறந்தனர். அருங்காட்சியகத்தின் பெயரில் ஷ்லும்ப் தொகுப்பு என்பதும் சேர்க்கப்பட்டுள்ளது.