காந்த மணி கண்ட பேராசிரியர்

நார்வே நாட்டில் டிரான்ட்ஹெய்ம் நகரில் 1921-ல் பிறந்தவர் ஜான் உகெல்ஸ்டாட். ரசாயனப் பேராசிரியர்.

கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளை ஒரே அளவில் செய்ய, எடையில்லாத விண்வெளிக்குத்தான் போக வேண்டும் என்று எண்ணியவர்கள் உண்டு. 1976-ல் அவர் தம் ஊரிலேயே செய்து காட்டினார்! பிறகு அந்த மணிகளுக்குள் இரும்பு ஆக்சைடைப் புகுத்தினார். காந்தத்தைக் காட்டியதும் அவை ஓடி வந்தன.

ரத்தத்தில் ஒரு பொருள் இருக்கிறதா என்று அறிய வேண்டுமா? அதை மட்டும் பற்றும் புரதத்தை மணிகள் மேல் பூசி, ரத்தத்தில் கலக்க வேண்டும். மணிகள் அந்தப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். குழாய்க்கு வெளியே காந்தத்தை வைத்தால், மணிகள் ஓரமாக ஒதுங்கும். மற்றதைக் கொட்டிவிட்டு, பிடிபட்டதைச் சோதிக்கலாம்.

1980-களில், புற்றுநோய் கண்ட குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்த புற்று செல்களை இந்த மணிகளைக் கொண்டே டாக்டர்கள் நீக்கினார்கள். சுத்தமான மஜ்ஜை மீண்டும் குழந்தைகளின் உடலுக்குள் சென்றது.

உகெல்ஸ்டாட் 1997-ல் காலமானார். அவருடைய மணிகள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் உழைக்கின்றன.