தபால் ஊழியராக இருந்த இசை மேதை

1979ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்மணி ஒருவர் இந்தியாவுக்கு வந்து, தம் கணவரின் அஸ்தியைக் கங்கையில் கரைத்தார். அது கணவரின் கடைசி விருப்பம். அவர் பெயர் சார்லஸ் மிங்கஸ். ஜாஸ் இசை உலகில் பெரும் புகழ் பெற்றவர்.

1922 ஏப்ரல் 22 அன்று அரிசோனா மாநிலத்தின் எல்லை ஊரான நோகாலிஸில் ராணுவ சார்ஜெண்டின் மகனாகப் பிறந்தார். சில மாதங்களிலேயே தாய் இறந்துவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தார். வீட்டில் சிற்றன்னை தேவாலயப் பாட்டை மட்டுமே அனுமதித்தார். பையனோ வானொலியில் டியூக் எலிங்டனின் வாத்திய கோஷ்டியைக் கேட்டு மயங்கினான்.

முதலில் டிராம்போனும் பிறகு செலோவும் கற்றார். கறுப்பரான அவருக்குச் செலோவில் பிழைப்புக்கு வழியில்லை. எனவே ஆள் உயரத்துக்கும் மேலான பாஸ் வாத்தியத்துக்கு மாறினார். பின்னால் நின்று தாளத்தைத் தாங்குவதே பாஸின் வேலை. மிங்கஸ் அதை முன்னால் கொண்டுவந்து பேச வைத்தார்.

1943இல் லூயி ஆம்ஸ்ட்ராங் குழுவில் வாசித்தவருக்கு, சில ஆண்டுகள் கழித்து வாசிப்பால் வயிறு நிரம்பவில்லை. தபால் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்துதான் 1950இல் ரெட் நார்வோ அவரைத் தம் மூவர் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். பெரிய கம்பெனிகளை நம்பியிருக்க விரும்பாமல் 1952இல் நண்பர் மாக்ஸ் ரோச்சுடன் சொந்த இசைத்தட்டுக் கம்பெனியும் தொடங்கினார்.

கோபம் அவருக்குப் பெரும் எதிரி. சிறுவயதிலிருந்து தெய்வமாக நினைத்த எலிங்டனின் கோஷ்டியில் 1953இல் இடம் கிடைத்தது. சக கலைஞருடன் சண்டையிட்டுச் சில நாட்களிலேயே வேலையை இழந்தார். 1962இல் தம் குழுவின் டிராம்போன் கலைஞரை அடித்துப் பல்லை உடைத்தார். இதை மேதையின் விசித்திரம் என்று மன்னித்துவிட முடியாது.

ஆனால் எல்லாக் கோபமும் வீண் போகவில்லை. 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பு மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாதபடி ஆர்க்கன்சா கவர்னர் ஃபாபஸ் படையை நிறுத்தினார். அவரை எள்ளி நகையாடி மிங்கஸ் ஒரு பாட்டு இயற்றினார். 1959இல் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட இசைத்தட்டில் வெறும் இசைதான் இருந்தது. மறு ஆண்டு வேறொரு சிறு கம்பெனி மூலம் வார்த்தைகளோடு வெளியிட்டார்.

1966இல் நியூயார்க்கில், குடியிருந்த இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, சாமான்களோடு தெருவில் நின்றார். 1977இல் நரம்பு நோய் கண்டது. விரல்கள் செயலிழந்தன. மெட்டுகளை வாயால் முனகி டேப்பில் பதிவு செய்தார். 1978 ஜூனில் வெள்ளை மாளிகை இசை விழாவில் சக்கர நாற்காலியில் இருந்த அவரை ஜனாதிபதி கார்ட்டர் தழுவிக்கொண்டபோது மிங்கஸ் அழுதுவிட்டார். 1979 ஜனவரி 5 அன்று மெக்ஸிகோவில் காலமானார். வயது 56.

1962இல் நியூயார்க்கில் அவர் அரங்கேற்ற முயன்ற பெரும் படைப்பு ஒன்று அலங்கோலமாக முடிந்திருந்தது. கச்சேரி தொடங்கிய பிறகும் மேடையிலேயே இசைக் குறிப்புகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படைப்பு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீள்வது, 1989இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் அரங்கேறியது.