ஜார்ஜ் ஸ்டேபிள்டன்

சர் ரெஜினால்ட் ஜார்ஜ் ஸ்டேபிள்டன் (செப்டம்பர் 22, 1882 - செப்டம்பர் 16, 1960) பிரித்தானிய வேளாண் அறிவியலாளர் ஆவார். கால்நடைகள் மேயும் புல்லையும் நெல், கோதுமை போலத் தெரிந்தெடுத்து மேம்படுத்தக்கூடிய ஒரு பயிராகக் கருதி ஆராய்ந்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர். வேல்சின் அபெரிஸ்ட்வித் நகரில் 1919 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேல்சு பயிர்ப் பெருக்க நிலையத்தின் முதல் இயக்குநராக 1942 வரை பணியாற்றினார்.

தொடக்க காலம்

இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள நார்த்தம் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இம்மானுவேல் கல்லூரியில் பயின்றார். 1911 ஆம் ஆண்டின் கடும் வறட்சியை அடுத்து, மேய்ச்சல் நிலத் தாவரங்களின் வறட்சி தாங்கும் திறனைப் பற்றி ஆராய்ந்தார். 1912 இல் அபெரிஸ்ட்வித் சென்றார். முதல் உலகப் போரின்போது இலண்டனில் அரசின் விதைச் சோதனை நிலையத்தை அமைத்து நடத்தினார். விதை வணிகத்தை உள்ளிருந்து அறிய இப்பணி உதவியது.

விதையா, இலையா?

அக்காலத்தில் சந்தையில் கிடைத்த ரை புல் விதையை விதைத்தால், புல் விரைவில் பூத்து, தண்டு மிகுந்து, சில ஆண்டுகளில் அழிந்துவிடும். (ரை புல் என்பது ரை தானியத்தின் வைக்கோல் அன்று, அது தனியொரு புல்லினம்.) இதற்கான காரணம் எளிது. விதை வணிகர் ஆண்டுதோறும் அறுவடை செய்தது, நிறைய விதை தரும் செடிகளிலிருந்தே. விதை மிகுதியாகத் தரும் செடியில் இலை குறைவு. ஆனால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேண்டியது இலையே. எவரும் திட்டமிடாமலே, தலைமுறை தலைமுறையாகத் தவறான பண்பு தெரிந்தெடுக்கப்பட்டு வந்தது.

நெடுங்காலம் ஆடுமாடுகள் மேய்ந்த பழைய புல்வெளிகளில் இதற்கு நேர்மாறான தெரிவு நடந்திருந்தது. பூந்தண்டை உயர்த்திய செடி கடிபட்டது. தாழப் படர்ந்து, பல தூர்கள் விட்டு, தாமதமாகப் பூத்த செடி பிழைத்தது. ஸ்டேபிள்டனும் அவருடைய உடனாய்வாளர்களும் இத்தகைய இடங்களிலிருந்து செடிகளைச் சேகரித்துத் தனித்தனியே நட்டு ஒப்பிட்டனர். ஒரே நிலத்தில் வளர்த்தபோதும் வேறுபாடுகள் நீடித்தமையால், அவை மண்ணால் வந்தவை அல்ல, மரபுவழிப் பண்புகள் என்பது தெளிவாயிற்று.

ரை புல்லைப் பெருக்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது காற்றின் வழி அயல் மகரந்தச் சேர்க்கை பெறுவது. தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. (இத்தன்மையை இரண்டு மரபணு இடங்கள் கட்டுப்படுத்துகின்றன என்பது ரை புல்லில் 1979 இல்தான் காட்டப்பட்டது.) எனவே சிறந்த ஒரு செடியின் விதை அதே செடியைத் தராது. நிலையத்தின் பெருக்குநர் டி. ஜே. ஜென்கின், செடிகளை அவற்றின் வழித்தோன்றல்களைக் கொண்டு சோதித்து, ஒத்த இயல்புடைய பல செடிகளைத் தம்முள் கலக்கவிட்டு இரகங்களை உருவாக்கினார். ஸ்டேபிள்டனின் புகழில் பெரும்பங்கு இவருக்கும் உரியது.

இவ்வாறு உருவான இரகங்கள் எஸ் என்ற எழுத்தாலும் எண்ணாலும் அறியப்பட்டன. மேய்ச்சலுக்கான எஸ்-23, முன்கூட்டிப் பூக்கும் எஸ்-24 ஆகிய ரை புற்களும், எஸ்-100 என்ற வெள்ளைக் குளோவரும் பெயர் பெற்றவை.

போர்க்காலமும் பின்னும்

1939 இல் அரச கழக உறுப்பினராகவும் சர் பட்டத்துக்கும் தெரிவானார். பழைய புல்வெளிகளை உழுது, சில ஆண்டுகள் தானியமும் சில ஆண்டுகள் மேம்பட்ட புல்லும் மாற்றிப் பயிரிட வேண்டும் என்று நெடுநாளாக வற்புறுத்தி வந்தார். இரண்டாம் உலகப் போரில் கடல்வழி உணவு இறக்குமதி ஆபத்துக்குள்ளானபோது இக்கருத்து நாட்டுக்குப் பெரிதும் பயன்பட்டது.

ஆனால் எஸ்-23 போன்ற இரகங்களுக்கு வேண்டிய மரபணுக்கள் கிடைத்தது இப்பழைய புல்வெளிகளிலிருந்தே. போரின்போது தொடங்கிய உழவு பின்னரும் நிற்கவில்லை. தழைச்சத்து உரமும் ரை புல்லும் நாடெங்கும் பரவின. இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றின் தாழ்நிலங்களில் மேம்படுத்தப்படாத புல்வெளிகளில் ஏறத்தாழ 97 விழுக்காடு 1930களுக்கும் 1980களுக்கும் இடையில் மறைந்தது. இதற்கு அவர் ஒருவரே பொறுப்பு என்பது சரியாகாது. எனினும் அவரது பரப்புரைக்கு இதில் பங்கில்லை என்றும் கூற இயலாது. கட்டுப்பாடற்ற வேளாண் நுட்பம் பற்றிய கவலையை அவரே தம் இறுதிக்கால எழுத்துகளில் வெளியிட்டார். அவை அவர் இறந்தபின் 1964 இல் நூலாக வந்தன.

அவர் தொடங்கிய நிலையம் பல மாற்றங்களுக்குப் பின் 2008 இல் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது.