யானைப்பாகன் மைந்தன் சபு

வெள்ளித்திரையிலே தோன்றிப் புகழீட்டிய ஒருவரின் வரலாற்றைக் கல்லூரி விழா மலரில் எழுதுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறுதல் கூடும். புலவர், புரவலர், நாட்டுத் தொண்டர் ஆகியோரின் வரலாறே மாணவர்க்கு ஏற்றதென்பது நம் முன்னோர் கொள்கை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், சென்ற தவணையில் நம் மாணவர் சிலர் பழைய ஹொலிவூட் காட்டுப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, வகுப்பிலே அதைப்பற்றிப் பேசிச் சிரித்தனர். அரையில் துணியும் தலையில் பாகையுமாக வெள்ளைத் துரையின் பின்னால் ஓடிய ஒருவரைக் குறித்து, அவர் நம் நாட்டுப் பக்கத்தவரா, அவ்வாறு நடிக்க அவருக்கு வெட்கமில்லையா என்று அவர்களுள் ஒருவன் வினவினான். விடை ஒரு சொல்லில் அடங்குவதாய் இல்லை. ஆகவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். அந்நடிகரின் பெயர் சபு.

இந்தியாவின் மைசூர்ச் சமஸ்தானத்திலே, காராப்பூர் என்னும் காட்டோரச் சிற்றூரில், 1924ஆம் ஆண்டு சனவரி மாதம் 27ஆம் நாள் ஓர் ஏழை இசுலாமியக் குடும்பத்திலே சபு பிறந்தான். தந்தையார் மைசூர் மகாராசாவின் யானைப்பாகருள் ஒருவர். தாயாரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தான். தந்தையாரும் அவன் சிறுவனாயிருக்கும்போதே காலமானார். அரண்மனை யானைப்பந்தியே அநாதையான அச்சிறுவனுக்கு வீடாயிற்று. யானையைக் குளிப்பாட்டுதல், தீனி இடுதல், அதன் மனக்குறிப்பறிந்து நடத்தல் என்பனவே அவன் கற்ற முதற் கல்வி. அரிச்சுவடி அறியுமுன் யானையை அறிந்தவன் அவன்.

1935ஆம் ஆண்டிலே றொபேட் பிளகேட்டி என்னும் அமெரிக்க நெறியாளர் மைசூருக்கு வந்தார். வடதுருவத்தை அடுத்துவாழும் மக்களைப் பற்றி 1922இல் அவர் எடுத்த ‘நனூக்’ என்னும் படம் உலகப் புகழ் பெற்றிருந்தது. இலண்டனிலே படத்தொழில் நடத்திவந்த அலெக்சாண்டர் கோடா என்பார், கிப்ளிங் எழுதிய துமாய் என்னும் யானைச்சிறுவன் கதையைப் படமாக்கும் பொருட்டு அவரை அனுப்பியிருந்தார். கதைக்கேற்ற சிறுவனைத் தேடியவர்கள் அரண்மனை யானைப்பந்தியிலே சபுவைக் கண்டனர். குன்றுபோன்ற களிற்றின் பிடரியிலே அச்சமின்றி அமர்ந்து அதனை நடத்திய அச்சிறுவனுக்கு நடிப்புக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் நாள்தோறும் செய்த தொழிலையே படப்பெட்டி பதிவு செய்தது.

பின்னர்ச் சபு தன் தமையனுடன் இலண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டான். அங்கே டென்ஹாம் படநிலையத்திலே, அலெக்சாண்டரின் தம்பியாராகிய சோல்ற்றன் கோடா எஞ்சிய காட்சிகளை எடுத்தார். ‘யானைச் சிறுவன்’ என்னும் அப்படம் 1937இல் வெளிவந்தது. அவ்வாண்டு வெனிசுத் திரைப்பட விழாவிலே நெறியாள்கைக்கான பரிசு இருவர்க்கும் கிடைத்தது. அப்படத்தைக் கூர்ந்து நோக்குவோர் அதனுள் இரு படங்கள் இருப்பதை உணர்வர். மைசூரில் எடுக்கப்பட்ட பகுதியிலே ஒரு சிறுவனும் ஒரு யானையும் உண்மையாக வாழ்கின்றனர். இலண்டனில் எடுக்கப்பட்ட பகுதியிலே துரைமார் பேசுகின்றனர். சிறுவன் அவர்களை அண்ணாந்து பார்க்கின்றான். சபுவின் பிற்கால வாழ்வு முழுவதற்கும் இப்படமே முன்குறிப்பாயிற்று எனலாம்.

அடுத்து 1938இல் வந்த படம் ‘முரசு’. இந்தியாவின் வடமேற்கு எல்லையிலே, ஆங்கிலேயர்க்கு எதிரான சதியை முரசறைந்து அறிவித்து அவர்களைக் காக்கும் இளவரசனாகச் சபு நடித்தான். ஆட்சியாளர்க்குத் துணைநிற்கும் சுதேசி நல்லவன், எதிர்ப்பவன் கொடியவன் என்பதே அப்படத்தின் உட்கிடை. விடுதலை வேட்கை மிக்கிருந்த அக்காலத்திலே பம்பாயிலும் சென்னையிலும் மக்கள் அப்படத்தை எதிர்த்துக் கிளர்ந்தனர், திரையிடல் நிறுத்தப்பட்டது. தன் தாய்நாட்டு மக்கள் தன் படத்துக்கெதிராகத் தெருவில் இறங்கியபோது சபுவுக்கு வயது பதினான்கு. கதையை எழுதியவனும் அவனல்லன், எடுத்தவனும் அவனல்லன். ஆயினும் சுவரொட்டியில் இருந்த முகம் அவனுடையது.

சபுவின் புகழ் உச்சியை அடைந்தது ‘பாக்தாத் திருடன்’ என்னும் வண்ணப்படத்தினாலே. (1960இல் அதே பெயரில் வந்த தமிழ்ப்படம் வேறு.) இலண்டனில் தொடங்கிய படப்பிடிப்பு, 1939இல் மூண்ட போரினால் அமெரிக்காவுக்கு மாற்றப்பட்டு, 1940இல் நிறைவெய்திற்று. ஒளிப்பதிவு, கலையமைப்பு, தந்திரக்காட்சி ஆகிய மூன்றிற்கும் அது ஒஸ்கார் விருது பெற்றது. அதிலே சபு, அபு என்னும் சின்னத் திருடன். பூதத்தை ஏமாற்றுகிறான், மந்திரக் கம்பளத்திற் பறக்கிறான், அரசனையே காப்பாற்றுகிறான். ஈற்றிலே அவனைப் பள்ளிக்கு அனுப்பி மந்திரியாக்கப் போவதாக அரசன் அறிவித்ததும், கம்பளத்திலேறிப் பறந்தோடி விடுகிறான். பள்ளியாசிரியராகிய நாமும் அக்காட்சியைக் கண்டு வாய்விட்டுச் சிரித்ததுண்டு. அப்படத்திலே சபு எவர்க்கும் ஏவலாளன் அல்லன். கதை அவன் காலைக்கொண்டே நடக்கின்றது. வாய்ப்புக் கிடைத்தவிடத்து அவனால் என்ன இயலும் என்பதற்கு அதுவே சான்று.

1942இல் ‘காட்டுப் புத்தகம்’ வந்தது. ஓநாய்கள் வளர்த்த மௌக்லியாகச் சபு நடித்தார். இந்தியக் காடு கலிபோர்ணியாவிலே அமைக்கப்பட்டது. மௌக்லியின் தாயாக முகத்துக்கு நிறம்பூசி நடித்தவர் றோஸ்மேரி டிகாம்ப் என்னும் அமெரிக்க மாது. மைசூர்க் காட்டிலே பிறந்த ஒருவரைச் சூழப் போலிக் காடும் போலி உறவினரும் நின்றனர். அதன்பின் யுனிவேர்சல் நிறுவனம் ‘அரேபிய இரவுகள்’, ‘வெள்ளை அநாகரிகி’, ‘நாகப் பெண்’ முதலிய வண்ணப்படங்களிலே அவரைச் சேர்த்துக்கொண்டது. அவற்றிலே மரியா மொன்ரேசு கதாநாயகி. ஜோன் ஹோல் கதாநாயகன். சபுவோ நாயகனின் குறும்புத் தோழன். பாக்தாத்திலே கதையை நடத்தியவர் இங்கே பக்கத்தில் நிறுத்தப்பட்டார்.

1944ஆம் ஆண்டிலே சபு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அமெரிக்க விமானப்படையிலே சேர்ந்து, பசிபிக் போர்முனையில் ‘லிபரேற்றர்’ குண்டுவீச்சு விமானத்திலே சுடுவீரராகப் பலமுறை பறந்தார். அவர்தம் துணிவைப் பாராட்டிச் சிறப்புப் பறப்புச் சிலுவை என்னும் உயர்ந்த விருதை அளித்தனர். திரையிலே துரையின் பின்னால் ஓடியவர், வானத்திலே ஏனைய வீரரோடு சரிநிகராய் இருந்து உயிரைப் பணயம் வைத்தவர் என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

போர் முடிந்து மீண்டவர்க்குத் திரையுலகம் காட்டிய முகம் வேறாயிருந்தது. 1947இல் ‘கறுப்பு நார்சிசசு’ என்னும் சிறந்த ஆங்கிலப் படத்திலே இளவரசராக நடித்தார். இமயமலைக் கதையாகிய அப்படம் இங்கிலாந்திலேயே எடுக்கப்பட்டது. அவருடன் இணைந்த மலைநாட்டுப் பெண்ணாக, மேனிக்கு நிறம்பூசி நடித்தவர் ஆங்கில நடிகை ஜீன் சிமன்சு. அவ்வாண்டிலேயே ‘ஆற்றின் முடிவு’ என்னும் படத்தில் சபு அமேசன் காட்டின் பழங்குடி மகனானார். 1951இல் ‘கொடிய முரசுகள்’ என்னும் படத்திலே தென்கடல் தீவினரானார். எந்நாட்டவராயினும் மேனி கபிலநிறமாயின் ஒருவரே போதும் என்பது படமுதலாளிகளின் கணக்கு.

இவ்விடத்திலே அக்காலக் காட்டுப்படங்களின் தொழில்முறையைச் சிறிது கூறுதல் வேண்டும். அவை பெரும்பாலும் குறைந்த செலவில், குறைந்த நாளில் எடுக்கப்பட்டவை. விலங்குகளைக் காட்ட வேண்டுமாயின் எப்போதோ எவரோ எடுத்த பழைய படச்சுருளை வெட்டி ஒட்டுவர். அதனால் ஒரே முதலை பல படங்களிலே நீந்தும். நாடு பிறழ்ந்த விலங்குகள் ஒரே காட்டிற் கூடும். 1932இல் வந்த முதலாவது பேசும் டார்சான் படத்திலே இந்திய யானைகளுக்குப் பெரிய போலிக் காதுகளைப் பொருத்தி ஆபிரிக்க யானைகளாக்கினர். யானைக்குச் செய்ததையே மனிதர்க்கும் செய்தனர். காட்டு மக்கள் பெயரற்றவராய், முரசு முழக்குபவராய், வெள்ளையரைக் கண்டு அஞ்சுபவராய்க் காட்டப்பட்டனர். அவர்தம் மொழி, தொழில், இல்லறம், இறைவழிபாடு ஆகியவற்றை அறிய எவரும் முயன்றிலர்.

இவற்றுள் நம்மை மிகவும் வருத்துவது ஒன்றுண்டு. நீச்சல் வீரராகிய ஜோனி வைஸ்முல்லர் டார்சானாகப் பன்னிரண்டு படங்களில் நடித்தபின், 1948 முதல் 1955 வரை ‘ஜங்கிள் ஜிம்’ வரிசையிலே காட்டை ஆண்டார். 1949 முதல் 1955 வரை ‘பொம்பா’ என்னும் வெள்ளைச் சிறுவன் பன்னிரண்டு படங்களிலே காட்டுக்கு அரசனானான். உண்மையான காட்டை அறிந்து, உண்மையான யானையை நடத்திய சபுவோ அதே காலத்தில் வேலை தேடி அலைந்தார். இலண்டன் ஹரிங்கே சர்க்கசிலே 1952இல் யானைகளோடு தோன்றினார். காட்டைப் பற்றி ஓயாது படமெடுத்தவர்களிடையே காடறிந்த ஒருவர் இருந்தார். அவருடைய முகமும் மேனியும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. அவருடைய அறிவு வேண்டியிருக்கவில்லை.

1956இல் வந்த ‘காட்டு நரகம்’ அவ்வீழ்ச்சியின் ஆழத்தைக் காட்டும். பழைய விலங்குச் சுருள்களை நிரப்பி, கதிர்வீசும் கல்லொன்றையும் பறக்குந்தட்டையும் புகுத்தி ஒப்பேற்றிய படம் அது. முப்பது கடந்த சபு அதிலே இன்னும் காட்டுப் பையன். அடுத்த ஆண்டு ‘சபுவும் மந்திர மோதிரமும்’ வந்தது. பாக்தாத்திலே வென்ற சிறுவனின் நிழலையே மறுபடி விற்க முயன்றனர்.

தாய்நாடும் அவரைப் பெறவில்லை. 1957இல் வெளிவந்த ‘மதர் இந்தியா’ என்னும் புகழ்பெற்ற இந்திப் படத்திலே பிர்ஜு என்னும் மகனாகச் சபுவை நடிப்பிக்க மெகபூப் கான் எண்ணினார், அது கைகூடவில்லை. சுனில் தத் அப்பாத்திரத்தை ஏற்றுப் புகழடைந்தார். இந்தியாவில் பிறந்து உலகறிந்த முதற் பெருநடிகராகிய சபு, இந்தியப் படம் ஒன்றிலேனும் நடித்திலர்.

ஆயினும் அவர் வாழ்வைத் துயரக்கதை என முடித்துவிடுதல் முறையன்று. 1948இல் மணம்புரிந்து, இரு மக்களைப் பெற்று, கலிபோர்ணியாவிலே குடும்பத்தராய் வாழ்ந்தார். தமையனாரோடு தளபாடக் கடை நடத்தி உழைத்தார். 1963 திசெம்பர் 2ஆம் நாள் மாரடைப்பினால் தம் 39ஆம் வயதிலே உயிர்நீத்தார். அவர் இறந்தபின், 1964இல், வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ‘புலி நடக்கின்றது’ என்னும் படம் வெளிவந்தது. அதிலும் அவர் புலியைப் பழக்குபவரே.

இனி, நம் மாணவனின் வினாவுக்கு வருவோம். அவர் நம் அயல்நாட்டு ஏழை வீட்டுப் பிள்ளை. வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர். பன்னிரண்டு வயதிற் கடல்கடந்த அநாதைச் சிறுவனுக்குப் பிறர் ஓர் உடையைத் தைத்தனர். அவர் வளர்ந்தார், உடை வளரவில்லை. அதனுள்ளேயே ஒடுங்கி நிற்குமாறு அவரை வைத்தவர்களே வெட்கப்படுதற்குரியர்.

இதிலே ஆசிரியராகிய நமக்கும் ஒரு பாடமுண்டு. தோட்டக்காரன் மகன், மீன்பிடிகாரன் மகன், கணக்கு வராதவன், நாடகத்துக்கு மட்டும் உதவுபவன் என்று ஒரு பிள்ளைக்கு முதல் வகுப்பிலே தைத்த சட்டையைப் பத்தாம் வகுப்பு வரை கழற்ற விடாது வைத்திருப்போர் நம்முள்ளும் இலரா? நம்மிடமும் அத்தவறு நேர்ந்ததுண்டு. ஒரு பிள்ளையிடம் அவன் அறிந்தது யாதெனக் கேளாமல், அவனைக்கொண்டு நமக்காவது யாதெனக் கணக்கிட்ட நாள்கள் உண்டு.

பழைய காட்டுப்படங்களை மாணவர் பார்க்கலாகாது என நாம் கூறோம். பார்க்கட்டும், போலிக் காதணிந்த யானையைக் கண்டு சிரிக்கவும் சிரிக்கட்டும். ஆனால் அக்கூட்டத்திடையே சபு தோன்றும்போது சிரிப்பை நிறுத்தி, அவர் யானைமேல் ஏறும் முறையை ஒருகணம் உற்று நோக்குவாராக. அக்காட்டிலே பொய்யில்லாதது அஃதொன்றே.